வாசலில் நிற்காத சொல்

இரண்டாம் அலை என்று பேப்பரில் பேர் வைத்த அந்தச் சித்திரை மாதத்தில், பனங்காட்டுக் காலனியிலிருந்து ஆம்புலன்ஸ் ஏறிப் போனவர்கள் படியிறங்கும்போது சொன்ன "போயிட்டு வாரேன்" என்ற சொல் அவர்களோடு போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டது. எப்படி நின்றது, எதனால் நின்றது என்று கேட்டால் காலனியில் யாருக்கும் சொல்லத் தெரியாது, கேட்கிற ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த மாதம் ஊரில் அதைவிடப் புரியாத காரியங்கள் ஆயிரம் நடந்துகொண்டிருந்தன. பெற்ற பிள்ளை அப்பனைத் தொடக் கூடாது என்றார்கள், மூக்குக்குள் குச்சியை விட்டுவிட்டு மூன்று நாள் கழித்துப் போனில் சேதி அனுப்பினார்கள், செத்தவரைக் குளிப்பாட்டக் கூடாது என்றார்கள், அத்தனைக்கும் சரி சரி என்று தலையாட்டிய ஜனத்துக்கு வாசலில் ஒரு சொல் நிற்பது என்ன பெரிய கஷ்டம்.

முதலில் நின்றது எபனேசர் சார் வீட்டில். டிராயிங் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், நெட்டை மனுஷன். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர் வந்து நின்றபோதும் அவர் பதறவில்லை, சட்டையை இன் பண்ணி, தலையைச் சீவி, நிலைப்படியில் நின்று திரும்பி, "ஜாய்ஸு, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி போய் அரை மணி நேரம் கழித்து ஜாய்ஸ் டீச்சர் துணி காயப்போட வெளியே வந்தபோது, ஆறடி உயரத்திலிருந்து அதே சொல் அதே குரலில் கேட்டது. உள்ளே போனபோது மறுபடி கேட்டது. நிலையை யார் தாண்டினாலும் கேட்டது. டீச்சர் முதல் நாள் அழுதார், இரண்டாம் நாள் "சரிங்க, போயிட்டு வாங்க" என்று பதில் சொன்னார், மூன்றாம் நாள் அதற்குப் பதில் சொல்லாமல் படியைத் தாண்டினால் அன்றைய வேலை ஓடாது என்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

நம் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதில்லை என்பது தெரிந்த சங்கதிதான். கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனும் துபாய்க்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போகிறவனும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள், வீட்டில் இருக்கிறவர்கள் "போயிட்டு வா" என்று சொல்லி முடித்து வைத்தால்தான் அந்தப் போக்கு முழுசாகும். பதில் வராவிட்டால் போகிறவன் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்பான். ஆகவே வாசலில் நின்ற சொல்லுக்கு வீட்டார் மட்டுமல்ல, பால்காரரும் பதில் சொன்னார், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரும் சொன்னார், தகரம் அடித்துத் தெருவை அடைக்க வந்த கார்ப்பரேஷன் ஆட்கள்கூடச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு "போயிட்டு வாங்க சார்" என்றார்கள்.

இரண்டு வாரத்தில் பதினோரு வாசலில் சொல் நின்றது. சொன்னவரின் வாய் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் அது நிற்கும், அதனால் குள்ளமான தையல்காரர் கோமதிநாயகத்தின் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு அது நெஞ்சில் வந்து கேட்டது, மரியாதை தெரிந்தவர்கள் குனிந்து கேட்டார்கள். இருமிக்கொண்டே சொன்னவரின் சொல் வாசலில் நின்று இருமிக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டில் "போயிட்டு வாரேன், மோட்டாரை நிப்பாட்டு" என்று நின்றதால் அந்த வீட்டுக்காரி நாளுக்கு இருபது தடவை மோட்டாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கார்ப்பரேஷன்காரர்கள் பிளீச்சிங் பவுடர் தெளித்துப் பார்த்தார்கள், கிருமிநாசினியைப் பீய்ச்சிப் பார்த்தார்கள், சொல்லுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வரும் நர்ஸ் ரெஜினாதான் பாவம், வீட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் வாசலில் நிற்பதைச் சேர்ப்பதா விடுவதா என்று ஆபீசில் கேட்டு, ஆபீசில் மேலே கேட்டு, மேலே உள்ளவர்கள் பதில் சொல்லாததால் பென்சிலில் எழுதிக்கொண்டாள்.

அந்த ரெஜினாவே பிறகு வீட்டுக்கு வீடு ஒரு யோசனையும் சொல்லத் தொடங்கினாள். விரலில் கிளிப் மாட்டி, ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று இரண்டுக்குக் கீழே இறங்கினால், துத்தநாக மாத்திரைக் கவரைக் கையில் கொடுத்துவிட்டு, "வண்டிக்குச் சொல்லிட்டேன், வர அரை மணி நேரம் ஆவும். பல்செட்டைக் கழத்தாதிய. மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிட்டு, படியில நின்னு நிதானமாச் சொல்லிட்டு ஏறுங்க" என்பாள். ஜனங்கள் அந்த அரை மணி நேரமும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினார்கள்.

குணமாகித் திரும்பியவர்கள் தங்கள் சொல்லைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எபனேசர் சார் பதினேழாம் நாள் பாதி ஆளாக ஆட்டோவில் வந்து இறங்கினார், நிலைக்கு நேரே வந்ததும் வாய் தானாகத் திறந்தது, மாத்திரையை முழுங்குகிற மாதிரி தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது, அதோடு வாசல் மௌனமாகிவிட்டது. ஜாய்ஸ் டீச்சருக்கு மனுஷன் திரும்பிய சந்தோஷம் ஒரு பக்கம், இரண்டு நாளைக்கு வாசல் வெறிச்சென்று இருக்கிறதே என்ற குறை ஒரு பக்கம். தையல்காரர் திரும்பவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆன பிறகும் அவர் சொல் நெஞ்சு உயரத்தில் நின்று அதே தெம்போடு போயிட்டு வாரேன் என்றது. இருக்கிறவர் சொல்லுக்கும் இல்லாதவர் சொல்லுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று காலனிக்கு அப்போதுதான் தெரிந்தது. தையல்காரர் மனைவி அதற்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாசலைக் கடக்கிறவர்களும் சொன்னார்கள். தெரிந்தும் சொன்னார்கள்.

தங்கபுஷ்பத்தின் வாசலில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை.

அவள் புருஷன் ஆதிலிங்கம் உப்பளத்து எடைமேடையில் வேலை பார்த்தவர், லாரியை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலை. புஷ்பம் அங்கன்வாடியில் ஆயா. பிள்ளை இல்லை, அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் சண்டை போடாத வாரம் கிடையாது, சண்டை ஒரு ராத்திரிக்கு மேல் நீண்டதும் கிடையாது. அந்தச் சித்திரையில்தான் நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் சாளை மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, முதல் கரண்டியை அவர் தட்டில் ஊற்றினாள். அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னட்டி இது, மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். மற்ற நாளாக இருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அன்றைக்கு மாங்காய்க்காக இரண்டு தெரு அலைந்து, வெயிலில் போலீஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தட்டை எடுத்துக் கழுவிப் போட்டாள், வாயை மூடிக்கொண்டாள்.

நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை. அவரும் வீம்புக்காரர், பேசவில்லை. காபியை டம்ளரில் ஊற்றி டக்கென்று வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். சண்டைக்கு மறுநாளே காய்ச்சல் வந்தபோதும் அவர் சொல்லவில்லை, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, மாத்திரையை மட்டும் காபிப் பக்கத்தில் வைத்தாள். நாக்கில் ருசி போவதுதான் அந்த வியாதியின் முதல் அடையாளம் என்று ரெஜினா தெருமுனையில் நின்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில், புஷ்பம் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, என் குழம்பு மண்ணா, என் குழம்பு மண்ணா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். மைக்கில் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவரே நூத்தியெட்டுக்குப் போன் பண்ணினார். வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள், நடக்க முடியாது என்று சொல்லி உள்ளேயே ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வந்து படுக்க வைத்து, மூக்கில் குழாயை மாட்டித் தூக்கினார்கள். புஷ்பம் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் படுத்தபடியே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் வந்துவிட்டது, வாசல் தாண்டிவிட்டது, கூட யாரும் வரக் கூடாது என்று ஒருவர் கையைக் காட்டினார், கதவைச் சாத்தினார்கள், வண்டி போய்விட்டது. ஒரு நிமிஷ வேலை.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் வாசலைத் தாண்டவில்லை. தாண்டியபோது ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து திரும்பப் போனாள், ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள், ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள், ஒருவேளை தயங்கித் தயங்கிச் சொல்லியிருப்பாரோ என்று கட்டிலிலிருந்து வாசல் வரை ஒவ்வொரு அடியிலும் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் எபனேசர் சாரின் சொல் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது, யாரோ போகிறார்கள், யாரோ வருகிறார்கள், "ஜாய்ஸு, போயிட்டு வாரேன்" என்று சுவரைத் தாண்டிக் கேட்டது. புஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. அப்படி எரிந்ததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதை ஊருக்கெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள், எனக்குச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே, சரி, அவருக்குத்தான் வரவில்லை, போயிட்டு வாங்க என்று நானாவது முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று ராவும் பகலும் அதே நினைப்பாக இருந்தாள்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனாள். கேட்டுக்கு வெளியே சாமியானா போட்டு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, உதவி மையம் என்று அட்டை. வாகை மரத்தடியில் சொந்தக்காரர்கள் கூட்டம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை, பையில் ஒரு பேர், பேரில் ஒரு வார்டு நம்பர். மேஜையில் இருந்தவருக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை போலிருந்தது, ஆதிலிங்கம் என்றால் ஒரு தடவை நாலாவது மாடி என்றார், ஒரு தடவை இரண்டாவது மாடி என்றார், நிலையாக இருக்கிறார் என்றார். நிலையாக என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டதற்கு, "நிலையான்னா நிலையாத்தாம்மா" என்றார்.

பைகளை உள்ளே கொண்டு போகிறவள் சந்தனமாரி என்ற வார்டு ஆயா. ஒரே தொழில்காரி என்ற உரிமையில் புஷ்பம் அவளிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தாள். உள்ளே துண்டு, பல்பொடி, ஒரு சீட்டு. சீட்டில், "கோவிச்சுக்கிட்டது என் தப்பு. ஒரே ஒரு தரம் போயிட்டு வாரேன்னு சொல்லிருங்க. இந்த அக்கா வந்து என்கிட்ட சொல்லுவாங்க" என்று எழுதியிருந்தது.

மத்தியானம் சந்தனமாரி வந்தாள். முகக்கவசம் அழுத்திய கோடு கன்னத்தில் பள்ளமாக இருந்தது.

"படிச்சுக் காட்டினேன். அவருக்கு மூஞ்சியில பெரிய மாஸ்க் மாட்டியிருக்கு, காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், பேசக் கூடாது. ஆனா ஒரு நிமிசம் அதைத் தூக்கிட்டு ஒண்ணு சொன்னாரு. நர்சு என்னையத்தான் ஏசுனாவ."

"என்ன சொன்னாவ?"

"ஆஸ்பத்திரிச் சாப்பாடும் மண்ணாத்தான் இருக்கு, அவ குழம்புல குத்தமில்லன்னு சொல்லுன்னாரு."

புஷ்பம் அந்த வாகை மரத்தடியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்தவள் அழுதாள், பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஆசை இன்னும் கூடித்தான் போனது. கோபம் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனி அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு என்ன தடை, மாஸ்க்கைக் கழற்றியதும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள். ஆறு நாள் போனாள், ஆறு நாளும் நிலையாக இருந்தார்.

ஏழாம் நாள், அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண்ணின் குரல், சின்ன வயசு.

"பேஷண்ட் ஆதிலிங்கத்தோட அட்டெண்டரா?"

"வீட்டுக்காரிதான் பேசுதேன்."

"அம்மா, ஸாரிம்மா. காலைல எட்டே காலுக்கு எக்ஸ்பையர் ஆயிட்டாரும்மா."

அங்கன்வாடியில் பன்னிரண்டு வருஷமாகச் சத்துமாவுப் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்து அடுக்குகிறவள் புஷ்பம். எக்ஸ்பையர் என்ற வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். எக்ஸ்பையர் ஆனதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, தனியாக எடுத்து வைத்து, ஆபீசுக்குச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

"அப்பிடின்னா அதை அவுகளுக்குக் குடுத்துராதம்மா, வேற மாத்திக் குடுங்க. அங்க இல்லைன்னா எந்த மருந்துன்னு சொல்லு, நான் எங்கயாவது அலைஞ்சு வாங்கிட்டு வந்திருதேன்."

பிறகு அந்தப் பெண், "அம்மா, பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடுங்களேன்" என்று சொன்னாள், சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது, அதில்தான் புஷ்பத்துக்குப் புரிந்தது.

இடுகாட்டில் இருபதடி தள்ளி நிற்க வைத்தார்கள். சுற்றிக் கட்டி ஜிப் போட்டிருந்தது. முகத்தை ஒரு தரம் காட்டுங்கள் என்று கேட்டாள், முடியாதும்மா என்றார்கள், கடுமையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு அது அவர்களுக்கு ஒன்பதாவது. எபனேசர் சாரும் டீச்சரும் தெருவை அடைத்த தகரத் தடுப்பு வரை வந்து நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து படியேறினாள். வாசல் சும்மா இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் தையல்காரர் வீட்டுக்குப் போய் வந்தாள். எதற்காக என்று தையல்காரர் மனைவிக்குத் தெரியும், கேட்கவில்லை. குனிந்து, அந்த நெஞ்சு உயரத்தில் முகத்தை வைத்து, அடுத்தவள் புருஷனின் போயிட்டு வாரேனை ஒரு தரம் கேட்டுவிட்டு, "ஒங்களுக்குச் சொல்லிட்டுப் போனாவ. எனக்கு அதுகூட இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். பதில் மட்டும் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டிய பதில் அவளிடம் இருந்தது, அதை வேறு யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ரெஜினா வந்து, கிளிப்பை அவள் விரலில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"புஷ்பக்கா, அத்தானைக் கூட்டிட்டுப் போனது எந்த வண்டி, சேர்மதுரை ஓட்டுத வண்டியா?"

"யாரு ஓட்டுனான்னு எனக்கு எப்படிட்டி தெரியும். முகமா தெரிஞ்சுது."

"அந்த வண்டிக்குள்ள ஒண்ணு நிக்காம். ஒரு மாசத்துக்கு மேல நிக்காம். அவன் பாட்டுக்கு எவனோ பூ வியாபாரின்னு நெனைச்சிருக்கான். நேத்து பேச்சுவாக்கில எங்கிட்டச் சொல்லுதான், 'புஷ்பம்'னு சொல்லிட்டுத்தான் சொல்லுதாம்."

கிளிப்பில் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. ரெஜினா அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள், எழுதிக்கொள்ளவில்லை.

பைபாஸ் முக்கில் பெட்ரோல் பங்க் எதிரே ஒரு புங்க மரம், கூப்பிடாத நேரத்தில் அந்த வண்டி அங்கேதான் நிற்கும். புஷ்பம் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் சேர்மதுரை டயரில் சாய்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டியோடு வரும் நர்ஸ் செண்பகம், இருபத்து நாலு வயசிருக்கும், உள்ளே படுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சேர்மதுரை கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"யக்கா, நீங்கதான் அந்தப் புஷ்பமா. ஏறுங்க. படுத்தாத்தான் நல்லாக் கேக்கும், அவரு படுத்துக்கிட்டு சொன்னதுல்லா."

புஷ்பம் ஏறி அந்தப் படுக்கையில் படுத்தாள். மேலே மஞ்சள் விளக்கு, பக்கத்தில் சிலிண்டர், மருந்து வாடை. சேர்மதுரை பின்கதவைச் சாத்தினார், சாத்தியவுடன் அது கேட்டது. கதவு சாத்திய பிறகுதான் சொல்லியிருக்கிறார். பேசாமலே போகிறோமே என்று அந்த மனுஷனுக்கும் கதவு சாத்தியபோதுதான் உறைத்திருக்கிறது, உறைத்ததும் மூச்சு இல்லாத நேரத்தில் மூச்சைச் சேர்த்து வைத்துச் சொல்லியிருக்கிறார்.

"புஷ்பம், போயிட்டு வாரேன்."

காதுக்குப் பக்கத்தில், தலையணையில் படுத்துக்கொண்டு பேசுகிற தூரத்தில் கேட்டது. நடுவில் ஒரு இளைப்பு. புஷ்பம் என்பதில் அந்த ஷ் அவருக்கு எப்போதுமே சரியாக வராது, இப்போதும் வரவில்லை. அவள் கதவைத் திறந்து திறந்து சாத்தச் சொன்னாள். சேர்மதுரை முகம் சுளிக்காமல் நாலு தடவை திறந்து சாத்தினார்.

"எனக்கு இதை வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றாள் புஷ்பம்.

"ஒங்க சொத்து, எடுத்துட்டுப் போங்க. வாயைத் தெறந்து முழுங்குனா வந்திரும்னு காலனியில சொல்லுதாவ. வாசல்ல போயி விட்டுக்கிடுங்க."

செண்பகம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் சொல்லக் கூடாது. ஆனா வண்டியில ஏத்துற முக்கால்வாசிப் பேருக்குப் பேச மூச்சு இருக்காது. வெளிய அவங்க வீட்டு ஆளுக நின்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. கதவைச் சாத்தினதும் இவரு சொல்லுவாரு. வெளிய எல்லாரும் போயிட்டு வா, போயிட்டு வாங்கம்பாங்க. பேரு வேற பேருதான், ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட யாரு அந்தப் புஷ்பம்னு கேட்டதில்ல."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள் புஷ்பம். உண்மையாகவே அவளுக்கு வேண்டாம். ஊரார் பதில் சொல்லிச் சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார்கள், பெண்டாட்டி ஒரு தடவை சொல்லவில்லை, இதில் தர்மம் பேச அவளுக்கு இடமில்லை.

அப்போது சேர்மதுரையின் போன் அடித்தது. செட்டியார் தெருவில் ஒரு பெண், முப்பது வயசு, மூச்சு வாங்குகிறது, சீக்கிரம் வரச் சொல்கிறார்கள். அவர் சோற்று டப்பாவை மூடிக்கொண்டே, "யக்கா, எடுக்கதுன்னா இப்ப எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

புஷ்பம் வாயைத் திறந்தாள். சொல் வந்தது. உதட்டில் பட்டது, வெதுவெதுப்பாக இருந்தது, மாத்திரை மாதிரியெல்லாம் இல்லை, சோறு ஊட்டும்போது படுகிற விரல் மாதிரி இருந்தது. முதலில் வந்தது அவள் பேர். பேர் நாக்கில் ஏறியபோது அவள் வாய் தானாக அசைந்து, அவள் குரலிலேயே, புஷ்பம் என்றது. தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. இதை முழுங்கி, வீட்டு வாசலில் விட்டு, போகும்போதும் வரும்போதும் என் பேரை நானே சொல்லி, நானே எனக்குப் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. இது அவர் வாயில் இருந்தால்தான் எனக்கு என்று தோன்றியது. வாயை இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, படுக்கையிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டினாள்.

கீழே இறங்கி ரோட்டோரத்தில் நின்றாள். செண்பகம் உள்ளே ஏறினாள். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை வேண்டுமென்றே மெதுவாகச் சாத்தினாள்.

உள்ளே இருந்து அவர் சொன்னார்.

புஷ்பம் மூக்குக்கு மேல் இருந்த மாஸ்க்கை இறக்கினாள். பங்க்கில் இரண்டு லாரிகள் நின்றன, பெட்ரோல் போடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள், எதையும் சட்டை செய்யாமல், உப்பளத்துக்குக் கிளம்புகிறவருக்கு வாசலில் நின்று சொல்கிற அதே சத்தத்தில், "போயிட்டு வாங்க" என்றாள். சைரன் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பியது. வளைவில் திரும்புகிற வரை அவள் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

பிறகு ரோட்டைத் தாண்டிப் பங்க்குக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"இந்த வண்டி எப்பத் திரும்பும்மா?"

"சொல்ல முடியாதுக்கா. ஒரு மணி நேரத்துலயும் வரும், மூணு மணி நேரமும் ஆவும். ஆனா எப்பிடியும் இங்கதான் வந்து நிக்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டு புஷ்பம் திரும்பி வந்து, புங்க மரத்தடியில் முந்தானையால் மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.